பாய்மரத்துக்கு இருபது நிமிடம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் டார்ச் லைட் அடிக்கிறேன் என்றுதான் சொல்வேன். கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையே அதுதான். உடன்குடிக்கு மேற்கே தேரிக்காட்டுச் செம்மணலில் நாலாயிரம் விளக்குகளை நட்டு வைத்திருக்கிறோம். அத்தனையும் வானத்தில் ஒரே புள்ளியைப் பார்த்து எரியும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அது எங்கள் கப்பலின் பாயில் பட்டு அதைத் தள்ளும். வெளிச்சம் தள்ளும் என்றால் என் சொந்த மாமியாரே நம்பவில்லை.

"அப்பம் வெயில்ல நிக்கவன் எல்லாம் விழுந்துர மாட்டானா?" என்று கேட்டார்.

"தள்ளத்தான் செய்யுது அத்தே. நம்ம எடைக்குத் தெரியல. அந்தப் பாய் வெங்காயத் தோலவிட மெல்லிசு. அதுக்குத் தெரியும்" என்றேன். மாமியார் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

கப்பலுக்கு வங்கம் என்று பெயர், கப்பலைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல்தான். ஆள் கிடையாது, கருவிகள் மட்டும். போகிற இடம் சனிக்கிரகத்தைச் சுற்றுகிற சின்ன நிலா ஒன்று. மேலே பனி, பனிக்கு அடியில் கடல். பனியில் விழுந்த வெடிப்பு வழியாக அந்தக் கடல்நீர் பீறிட்டு வெளியே வருகிறது. வங்கம் அந்தச் சாரலுக்குள் புகுந்து முகர்ந்து பார்த்துவிட்டு, அங்கே உயிர் உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதினாறு வருடமாக இந்த மணலில் கிடக்கிறேன். எஸ்தர் ஞானக்கனி, நிலைய இயக்குநர் என்று கதவில் பலகை இருக்கிறது. தேரி மணல் அடித்து அடித்து இப்போது அதில் பாதி எழுத்து இல்லை.

இத்தனை வருடத்தில் விஞ்ஞானம் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்ததில்லை. தொல்லை எல்லாம் மின்சாரத்தால் வந்தது. விளக்குகளை ஒருமுறை இருபது நிமிடம் எரிக்க வேண்டுமென்றால், தென்மாநிலங்களின் வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு அந்த நேரத்தில் சாப்பிடுகிற மின்சாரம் வேண்டும். அதாவது அவர்களிடமிருந்து எடுத்தால்தான் எனக்கு. நம் நாட்டில் ஒரு மந்திரி ஊழல் பண்ணிவிட்டுத் தப்பிக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தப்பிக்க முடியாது.

முதல் தள்ளலுக்கு உத்தரவு போட்டவர் அப்போதைய பிரதமர் சோமண்ணா. கெட்டவர் இல்லை. வானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போவது தெரியாமல் பேசுவார். இந்தத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தவரே அவர்தான். ஆனால் பயந்தாங்கொள்ளி. ஒருத்தரிடமும் சொல்லாமல் இருபது நிமிடம் அணைத்துவிட்டு, "பராமரிப்புப் பணி" என்று அறிக்கை விட்டார். ஒரே வாரத்தில் குட்டு உடைந்தது.

அப்போது எதிர்க்கட்சியில் இருந்தவர் பொன்னுத்தாய். கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சி அடுக்கி, சங்கம் கட்டி, மேலே வந்தவர். "யாரைக் கேட்டு அணைச்சே?" என்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார். எட்டு மொழியில் அந்தக் கேள்வியைச் சுவரில் எழுதினார்கள். சோமண்ணா தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார். பொன்னுத்தாய் பிரதமரானார். என் ஆட்சியில் ஒரு வீட்டிலும் ஒரு நிமிடம்கூட விளக்கை அணைக்க மாட்டேன் என்று முதல் நாளே சத்தியம் செய்தார். இன்றுவரை காப்பாற்றியும் வந்தார்.

இப்போது வங்கம் ஒரு சுற்று முடித்துப் பூமிப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது தள்ளலுக்கு நேரம் வந்துவிட்டது. மூன்று வாரத்தில் தேர்தல். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிரதமர் பிரசாரத்துக்குக் கோவில்பட்டி வந்திருந்தபோது போய்ப் பார்த்தேன். கட்சி அலுவலகத்தின் பின்கட்டில் தொண்டர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி இலை போடச் சொன்னார்.

"வாங்க, டார்ச் லைட்டம்மா. எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும். முடியாதுன்னு நேருல சொல்லணும்னுதான் வரச் சொன்னேன். சாப்புட்டுக்கிட்டே கேளுங்க."

"இருபது நிமிசந்தான்மா."

"அந்த இருபது நிமிசத்துலதான் சோமண்ணா வீட்டுக்குப் போனாரு. அவருக்கு வழி காட்டி விட்டதே நான்தான். அதே வழியில என்னையும் போகச் சொல்லுதீகளா? எலெக்சன் முடியட்டும், அதுக்குப் பெறவு பாப்போம்."

"முடியாதும்மா. ஊஞ்சல் நம்மகிட்ட வரும்போதுதான் தள்ள முடியும். அந்தப் பக்கம் போன பெறகு கைய நீட்டி என்ன செய்ய? இந்த ஒரு வாரந்தான் கப்பல் எங்க கைக்கு எட்டும். விட்டா அடுத்த சுத்துக்கு அஞ்சு வருசம். அதுக்குள்ள சனிக்கிரகம் நகந்து போயிரும், பாயும் கிழிஞ்சு போயிரும். அம்புட்டுத்தான். பதினாறு வருசம் மண்ணோட மண்ணு."

அவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். பிறகு கேட்டார்: "அங்க உசுரு இருந்தா இங்க இருக்கவனுக்கு என்ன தாயி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பிரதமராவது மண்ணாவது. "எனக்குத் தெரியாதும்மா. இருக்குன்னா இம்புட்டுப் பெரிய ஆகாசத்துல நாம தனி இல்ல. இல்லன்னா இந்தப் பூமிய விட்டா எங்கயும் ஒரு நாதி இல்ல. ரெண்டுல எது தெரிஞ்சாலும் நாம இன்னுங் கொஞ்சம் ஒழுங்கா நடந்துக்குவோம்னு நினைக்கேன்."

 பொன்னுத்தாய் அம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"அன்னைக்கு சங்கரன்கோவில்ல ஒரு பிள்ள, சங்கரேஸ்வரின்னு பேரு. டாக்டர் படிப்புக்குக் கம்ப்யூட்டர்ல பரீட்சை எழுதிக்கிட்டிருந்திருக்கா. பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. ஒரே மார்க்குல எடம் போச்சு. அவ என் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டா. எதுக்குன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற நாள் வையுங்கன்னு கேட்டிருப்பேனே அம்மான்னா. அந்த மூஞ்சி எனக்கு மறக்கல. அதனாலதான் அந்தச் சத்தியம்."

 "அம்மா, அந்தப் பிள்ள அணைக்காதீங்கன்னு சொல்லலியே. சொல்லிட்டு அணைச்சிருக்கலாமேன்னுதான சொல்லியிருக்கு. நீங்க ஊர் ஊராக் கேட்டதும் அதத்தான. ஏன் அணைச்சேன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலியே. யாரைக் கேட்டு அணைச்சேன்னுதான் கேட்டிய."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, வேலை போயிற்று, உடன்குடியில் கருப்பட்டிக் கடை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"ஏம் பேச்ச எனக்கே திருப்பிப் போடுதீகளா?" என்றார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இலையை மடித்துவிட்டு எழுந்து, கை கழுவுகிற இடத்தில் வைத்தே நாட்டின் விண்வெளிக் கொள்கையை முடிவு செய்தார். "ஒரு வீட்டையும் கவர்மெண்டு அணைக்காது. நான் ஜனங்ககிட்ட கேப்பேன். அவுகளா அணைச்சுக் குடுத்தா ஒங்க கப்பலு போகட்டும். குடுக்கலேன்னா ஒங்க கப்பலும் போகாது, எம் பதவியும் நெலைக்காது. சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

நாளையும் அவரே முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, பரீட்சை இல்லை. ஆஸ்பத்திரிகளை யாரும் தொடக்கூடாது. நேரம் மட்டும் கப்பல் குறித்தது: எங்கள் தலைக்கு நேரே அது ஏறி வருவது மாலை நாலு நாற்பதுக்கு. அதுவரை அந்த வானத்தில் விமானங்கள் பறக்கும். பிறகு ஐந்து மணி வரைக்கும் எங்களுக்குக் காலி செய்து தருவார்கள்.

தென்மாநிலங்களின் மின்தொகுப்பைப் பார்த்துக்கொள்பவர் மேலப்பாளையத்துக்காரர், காதர் மைதீன். எந்த ஊருக்கு எவ்வளவு போகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பெங்களூரில் உட்கார்ந்து பார்க்கிறவர். எங்கள் திட்டத்தின் முதல் நாளிலிருந்து எனக்குப் பழக்கம். செய்தியைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எம்மா எஸ்தர், மூணுல ஒரு வீடாவது அணைச்சாத்தான் ஒன் வெளக்கு எரியும். நம்ம ஆள்க சீரியல் ஓடும்போது பெத்த தாய் கூப்புட்டாலே எந்திரிக்க மாட்டாவ. ஆகாசத்துக்காவ அணைப்பாவளா? அதும் சித்திர வெயில்ல, ஃபேன?"

எனக்கும் அந்தப் பயம்தான். பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். பேச்சு மொத்தமே நாலு நிமிடம். கப்பல் எங்கே போகிறது, எதற்குப் போகிறது, எவ்வளவு வேண்டும் என்று சொன்னார். "நான் அணைக்க மாட்டேன். நீங்களா மெயின அணைச்சாத்தான் உண்டு. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். வடத்தப் புடிக்கிறதும் விடுறதும் ஒங்க இஷ்டம்" என்று முடித்தார். மறுநாளே சோமண்ணா கட்சிக்காரர்கள் "கரண்ட் பிச்சை" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். டீக்கடையில் ஒருத்தர் என் காதுபடவே, சனியன் பிடிக்க இந்த அம்மா பூமியிலேயே இருக்கலாமே, எதற்குக் கப்பல் என்றார். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் ராஜாசிங்குதான் சமாதானம் சொன்னார். அவர் பள்ளிக்கூட வாத்தியார், எல்லாவற்றுக்கும் பொறுமை உண்டு. "நம்ம தெருவுல நான் வீடு வீடாப் போயிச் சொல்லுதேன். நீ அங்க உள்ளதப் பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிரதமர் எங்கள் நிலையத்துக்கே வந்துவிட்டார். கட்டுப்பாட்டு அறையில் ஒரு மூலையில் செல்போனை நிறுத்தி வைத்து, நேரலையில் ஜனங்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் மைதீன் அண்ணனோடு போனிலேயே இருந்தேன். நாலு இருபத்தைந்து வரை ஒரு மாற்றமும் இல்லை. ஊர் வழக்கம்போல ஃபேன் போட்டுக்கொண்டு படுத்திருந்தது.  ஒருத்தரும் அணைக்கப் போவதில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் மைதீன் அண்ணன் குரல் மாறியது.

"எஸ்தர், என்னம்மா பண்ணுதாவ? அணைக்காவ. மதுரை போச்சு. சேலம் போச்சு. திருச்சூர் போச்சு. யா அல்லா, கடப்பா மொத்தமும் போச்சு."

"நல்லதுதான அண்ணே?"

"நல்லதா? மணியப் பாரு. நாலு இருபத்தெட்டு. ஒன் வெளக்கு நாலு நாப்பதுக்குத்தான எரியும். அதுவரைக்கும் இம்புட்டு மின்சாரத்த நான் எங்க கொண்டுபோயிக் கொட்ட?"

பிரதமர் எழுந்து வந்தார். "என்ன தாயி, சனம் குடுத்துருச்சுன்னு சந்தோசப்படாம மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"அம்மா, சைக்கிள வேகமா மிதிக்கும்போது செயின் கழண்டா என்ன ஆகும்? கால் சும்மா சுத்தும்லா? அந்த மாதிரித்தான். மின்சாரத்த வாங்க ஆள் இல்லேன்னா மின்நிலையத்துல எந்திரம் எல்லாம் வேகம் புடிச்சிரும். அளவு தாண்டுனா தன்னக் காப்பாத்திக்க ஒவ்வொண்ணா தானே நின்னுரும். ஒண்ணு நின்னா வரிசையா எல்லாம் நிக்கும். தென்நாடு முழுக்க இருட்டு. திரும்ப எழுப்ப ஒரு நாள் ஆகும். அதுக்குள்ள கப்பல் போயிரும்."

"அப்ப வெளக்க இப்பமே போடுங்க."

"மேல பிளேன் போகுதும்மா. அதுல ஆள் இருக்காவ."

என் செல்போன் அடித்தது. வீட்டுக்காரர். எடுத்ததும் ஒரே உற்சாகம். "எஸ்தரு, நம்ம தெருவுல ஒரு வீடு பாக்கியில்ல. எல்லாரும் மெயின அணைச்சிட்டு வெளிய வந்துட்டாவ. ஜம்முனு இருக்கு."

"நாலு நாப்பதுன்னு சொல்லித்தான ஏழு நாளாத் தொண்ட கிழியக் கத்துனோம். இப்ப எதுக்கு அணைச்சிய?"

"நாலரைக்கு ராகு காலம் தொடங்குதுல்லா" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். "நல்ல காரியத்த அதுக்குள்ள எப்படித் தொடங்க? அதும் போறது சனிகிட்ட. அதான் எல்லாரும் நாலரைக்கு முன்னாடியே அணைச்சிட்டாவ. தெருவே அணைக்கும்போது நம்ம வீடு மட்டும் எரிஞ்சா நல்லாவா இருக்கு? நானும் அணைச்சிட்டேன்."

கிறிஸ்தவர், பதினைந்து வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். சொல்கிற பேச்சைப் பாருங்கள். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாளும் நேரமும் சரிபார்த்த எங்கள் மூன்று பேரையும்தான் சொல்ல வேண்டும். பொன்னுத்தாய் அம்மா நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கிறவர்களை மேடையில் வைத்துக் கிழிக்கிறவர். நான் ஞாயிற்றுக்கிழமை என்றால் தேவாலயம் என்று இருப்பவள். மைதீன் அண்ணன் தொழுகை நேரத்தைத் தவிர வேறு நேரம் அறியாதவர். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் தேதியைப் பார்த்தோமே தவிர, அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை மூன்று பேரில் ஒருத்தர்கூடப் படிக்கவில்லை. தென்நாடு முழுக்கப் படித்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். பிரதமர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நாப்பது வருசமா மேடையில பேசுனதுக்கு இதான் பலனா" என்று முனகினார். மைதீன் அண்ணன் போனில் கத்திக்கொண்டிருந்தார். அணைகளின் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, காற்றாலைகளைக் கழற்றியாயிற்று, இனி அஞ்சு நிமிடம் தாங்கினால் பெரிது என்றார்.

"எல்லாரையும் திரும்பப் போடச் சொல்லணும்மா" என்றேன். "மோட்டார், கிரைண்டர், ஏசி, எது இருந்தாலும். நாலு நாப்பதுக்கு மறுபடி அணைக்கட்டும்."

"போட மாட்டாங்க" என்றார் பிரதமர். "போட்டா நாலு நாப்பதுக்கு அணைக்கணும். அது ராகு காலம். அதுக்குப் பயந்துதானே இப்பமே அணைச்சிருக்காங்க."  ராகு காலமாவது ஒன்றாவது, எல்லாம் மூடநம்பிக்கை என்று அவர் பேசப் போகிறார், காரியம் கெடப் போகிறது என்று நான் நடுங்கினேன். அப்படிப் பேசியிருந்தால் அவர் கொள்கைக்கு நல்லது. கப்பலுக்குக் கேடு.

அவர் நேராகச் செல்போன் முன்னால் போய் நின்றார்.

"மக்களே, நாலரைக்கு முன்னாடியே வடத்தத் தொட்டுட்டீக. நல்ல நேரத்துல தொடங்கியாச்சு. தொடங்குன காரியத்துக்கு ராகு காலமும் கெடையாது, எம கண்டமும் கெடையாது, அது ஒங்க வீட்டுப் பெரியவுகளுக்கே தெரியும். இப்ப எல்லாரும் மெயினப் போடுங்க. தண்ணி மோட்டாரப் போடுங்க, மாவாட்டுங்க, துணியத் தேயுங்க. வீட்டுல என்னென்ன இருக்கோ அம்புட்டும் ஓடணும். சரியா நாலு நாப்பதுக்குத் திரும்ப அணையுங்க. நடுவுல விட்ட வேலையத் தொடருறதுதான், புதுசு இல்ல. ஒரு வீட்டுலயும் அணைக்க மாட்டேன்னு சொன்னவ நான். இன்னைக்குப் போடச் சொல்லிக் கெஞ்சுதேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "டிவி எல்லாம் அணைஞ்சு கெடக்கு. போன் பாக்காதவன் காதுல எப்படிப் போடுறது?"

தேர்தல் நேரம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்குப் பத்து பிரசார ஆட்டோ, ஒவ்வொன்றிலும் நாலு ஒலிபெருக்கி, எல்லாம் பேட்டரியில் ஓடுபவை. சொன்னேன். அவருடைய கட்சி வண்டிகளுக்கு உடனே உத்தரவு போயிற்று. ஆனால் அது பாதித் தெருக்களுக்குத்தான். மீதிப் பாதியில் சுற்றிக்கொண்டிருந்தவை சோமண்ணாவின் வண்டிகள்.

பொன்னுத்தாய் அம்மா ஒரு நொடிதான் யோசித்தார். போனைப் போட்டார். ஐந்து வருடமாக இருவரும் மேடையில் திட்டிக்கொண்டதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணே, பொன்னுத்தாய் பேசுதேன். ஒங்க கப்பலுக்கு ஆபத்து. ஒங்க வண்டியெல்லாம் எனக்கு வேணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா அவரிடம் செய்தியைச் சொன்னார். ராகு காலம் என்று சொன்ன இடத்தில் அங்கே ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது. சற்று நேரத்தில் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் சோமண்ணாவின் குரலே ஆட்டோக்களில் ஒலித்ததாம்: எதிர்க்கட்சிக்காரன் சொல்கிறேன், இந்த ஒரு தடவை அந்த அம்மா சொல்வதைக் கேளுங்கள், கிரைண்டரைப் போடுங்கள்.

நான் மைதீன் அண்ணனின் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  வாழ்க்கையில் இவ்வளவு பயந்து நான் ஜெபம் பண்ணியதில்லை. கப்பலுக்காகப் பண்ணினேனா, கிரைண்டருக்காகப் பண்ணினேனா என்று இப்போதும் தெரியவில்லை.

"எறங்குது" என்றார் அவர். "எஸ்தர், எந்திர வேகம் எறங்குது. மதுரைக்காரன் போட்டுட்டான். கோயம்புத்தூர் மில்லு எல்லாம் ஓடுது. எம்மா, இந்த ஊர்ல இம்புட்டுக் கிரைண்டரா இருக்கு?"

பிற்பாடு கேட்ட கதைகள் ஒன்றா இரண்டா. கல்யாண மண்டபங்களில் பட்டப்பகலில் சீரியல் பல்பு முழுக்க எரிந்தது. ஒரு ஊரில் கோயில் கொடை விழாவுக்கு வைத்திருந்த ஒலிபெருக்கிகளை எல்லாம் ஒரே நேரத்தில் அலற விட்டார்கள். எங்கள் தெருவில் ராஜாசிங் ஊறப்போட்ட அரிசி இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றி ஆட்டியிருக்கிறார். அந்த வாரம் தென்நாட்டில் எல்லார் வீட்டிலும் தோசைதான்.

நாலு நாற்பதுக்கு நான் சாவியைத் திருப்பினேன். நாடு வடத்தைப் பிடித்தது. இந்த முறை ஒரு நிமிடம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. நாலாயிரம் விளக்குகளும் எரிந்தன. மைதீன் அண்ணனின் அளவுமானி கோடு போட்டமாதிரி நின்றது. பிரதமர் ஜன்னலுக்கு ஓடினார்.

"எங்க? ஒண்ணும் தெரியலயே."

"கண்ணுக்குத் தெரியாதும்மா. முதல்லயே சொன்னேனே."

"ஒண்ணுமே தெரியாத ஒண்ணுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார். ஆனாலும் ஜன்னலை விட்டு நகரவில்லை. வெளியே செம்மணல்தான் கிடந்தது. அதையே இருபது நிமிடமும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் தென்நாட்டில் யாரும் வீட்டுக்குள் இல்லை. ஃபேன் இல்லாமல் உள்ளே யார் இருப்பார்கள். தெருவெல்லாம் நீர்மோர், பானகம். பேசாமலிருந்த பங்காளிகள் பேசினார்கள் என்று ராஜாசிங் சொன்னார். எல்லாரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஆகாசத்தைப் பார்த்தார்களாம். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை.

ஐந்து மணிக்கு விளக்குகளை அணைத்தேன். வங்கத்தின் குரல் வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேண்டிய வேகம் முழுதாகக் கிடைத்துவிட்டது. கப்பல் சனியை நோக்கித் திரும்பிவிட்டது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதேன். எங்கள் நிலையத்துப் பிள்ளைகள் மேசைமேல் ஏறி ஆடினார்கள். பிரதமரும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு சுற்று கும்மி கொட்டினார். மைதீன் அண்ணன் போனில், நானும் இங்கே ஆடுகிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த நாள் மதுரைக் கூட்டத்தில் பிரதமர் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து ஒரு பெண் எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும்மா, அடுத்த கப்பல் எப்ப? நாங்க எப்ப அணைக்கணும்?" என்று கேட்டாளாம். கூட்டமே அதைப் பிடித்துக்கொண்டது. பொன்னுத்தாய் அம்மா திகைத்துப் போய், மீண்டும் ஆட்சிக்கு வந்தால் இன்னும் பெரிய கப்பல், முப்பது நிமிடம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் சோமண்ணா ஹூப்ளியில் மேடை ஏறினார். இந்தத் தடவை ஒளிக்கவில்லை. "நான் கேட்டே வாங்குவேன், நாற்பது நிமிடம் வாங்குவேன்" என்றார். மின்வெட்டு தருகிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சிகளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தேர்தல் முடிவு வந்தது. சோமண்ணா ஜெயித்துவிட்டார்.

எனக்கு மனசே சரியில்லை. அந்த அம்மா பதவியைப் பணயம் வைத்து என் கப்பலைத் தள்ளினார். அதற்குப் பலன் இதுவா என்று கறுவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவரே போன் பண்ணினார்.

"டார்ச் லைட்டம்மா, தோத்துட்டேன்" என்றார். குரலில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

"என்னாலதான்மா. அன்னைக்கு நான் வராம இருந்திருந்தா..."

"அட, கிறுக்கு. நான் முப்பது சொன்னேன், அந்த மனுசன் நாப்பது சொல்லிட்டாரு. சனம் நாப்பதுக்குப் போட்டுருச்சு. இருட்டக் காட்டி அவரத் தோக்கடிச்சேன். இருட்டு பத்தலேன்னு என்னத் தோக்கடிச்சிட்டாங்க. இதுக்கு அழவா சொல்லுதீக? எங்க ஊர்க்காரங்க எனக்கு வெடி போட்டுக்கிட்டிருக்காங்க, தோத்ததுக்கு." உண்மையிலேயே பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "உள்ளதச் சொல்லுங்க. நாப்பது நிமிசம் கெடைச்சா எதுவரைக்கும் போகலாம்?"

"யுரேனஸ் வரைக்கும் போயிரலாம்மா."

"அப்பச் சரி, அவரு ஜெயிச்சது நல்லதுதான்."  யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், இரு வருகிறேன் என்று அதட்டினார். "அஞ்சு வருசம் கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள ஓடிரும். அடுத்த எலெக்சனுக்கு நான் ஒரு மணி நேரம்னு அடிக்கப் போறேன். ஒரு மணி நேரத்துக்கு எங்க போகலாம்னு இப்பமே பாத்து வையுங்க. மேடையில ஊர்ப் பேரு சொல்லணும்ல."

போனை வைத்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் போட்டேன். ராஜாசிங் சாப்பிடக் கூப்பிட்டார். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.